கொய்யாவுக்குத் தனி எண் வேண்டும்!

(ஆயக்குடியில் விவசாயத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



கொய்யாப்பழமும் மாம்பழமும் ஒன்றா என்று யாராவது வந்து கேட்டால், இந்த ஊரில் சிறு பிள்ளைகூடக் கைகொட்டிச் சிரிக்கும். மரம் வேறு, இலை வேறு, பருவம் வேறு, பறிக்கும் கை வேறு, விலை வேறு. ஆனால் உலகத்துச் சர்க்கார்கள் கையில் வைத்திருக்கும் சரக்கு ஜாபிதாவில் கொய்யாவும் மாம்பழமும் ஒன்றுதான். அவற்றோடு மாங்குஸ்தீன் பழத்தையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் 0804.50.

"எங்கோ எழுதி வைத்த எண் நமக்கு எதற்கு? கூலியைப் பற்றிப் பேசு" என்று சில தோழர்கள் நினைக்கலாம். கூலியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஜாபிதாவில் எழுதியிருக்கும் ஒரு சொல், உழைப்பவன் வீட்டு உலையில் எவ்வளவு அரிசி வேகும் என்பதைத் தீர்மானிக்கும். இது நமக்குப் புதிய விஷயம் அல்ல. இந்த ஆயக்குடி ஒரு காலத்தில் ஜமீன். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. ஆனால் கணக்குப் புத்தகத்தின் அதிகாரம் ஒழியவில்லை. புஞ்சை என்று இருந்த நிலத்தை நஞ்சை என்று எழுதினால் தீர்வை மாறும். அடங்கலில் பெயர் இல்லாத சாகுபடிக்காரன் வெள்ளத்தில் எல்லாம் போனாலும் நிவாரணத்துக்குக் கையேந்தி நிற்க வேண்டும். ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று நம் பாட்டன் பூட்டனுக்கே தெரியும். இன்று அந்தக் கணக்குப் புத்தகம் உலக அளவுக்கு விரிந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எண் எங்கிருந்து வருகிறது?

கடையில் சாமான் வாங்கும்போது தரும் ஜி.எஸ்.டி. ரசீதில் எச்.எஸ்.என். என்று ஓர் எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணின் மூலம் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருக்கிறது. உலகச் சுங்க ஸ்தாபனத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான். 1983ல் ஓர் ஒப்பந்தம் செய்து, 1988 ஜனவரி முதல் அமுலுக்குக் கொண்டுவந்த சரக்குப் பட்டியல் அது. உலகில் வாங்கி விற்கும் சரக்குகளை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் இதைப் பின்பற்றுகின்றன. ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் இரண்டு இலக்கம் சேர்த்து இந்தியா எட்டு இலக்கமாக எழுதிக்கொள்கிறது.

இது தவிர, ஐக்கிய நாடுகள் சபை ஒரு பொருள் பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 2.1 என்ற பதிப்பு 2015ல் வந்தது. ரோமாபுரியில் இருக்கும் உணவு விவசாய ஸ்தாபனம் அதை விரித்து, எந்த நாட்டில் எந்தப் பயிர் எவ்வளவு விளைகிறது என்று கணக்கு எழுதுகிறது. அந்த விளைச்சல் கணக்கிலும் மா, கொய்யா, மாங்குஸ்தீன் ஒரே வரிதான்!

இதன் விளைவைப் பாருங்கள். இந்த மூன்று பழங்களும் சேர்ந்த வரியில் இந்தியாதான் உலகிலேயே முதலிடம். ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி டன். பத்திரிகைக்காரர்கள் இதை எடுத்து, இந்தியாவின் மாம்பழ உற்பத்தி இரண்டரைக் கோடி டன் என்று எழுதிவிடுகிறார்கள். நம் சர்க்காரின் தோட்டக்கலைக் கணக்கில் மாம்பழம் தனி, கொய்யா தனி. அதன்படி மாம்பழம் இரண்டு கோடி டன்னுக்கு மேல். கொய்யா நாற்பது லட்சம் டன்னுக்கு மேல். அந்த நாற்பது லட்சம் டன் உலகக் கணக்கில் மாம்பழத்தின் முதுகுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. நீங்கள் விடியற்காலையில் பனியில் நனைந்து பறித்து, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றுகிறீர்களே, அந்தப் பழமும் அதில்தான் இருக்கிறது.

மறைந்தால் என்ன நஷ்டம்? ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணின் கீழ் பத்துக் கிலோ மாம்பழம் கிலோ அறுபது ரூபாய்க்கும், பத்துக் கிலோ கொய்யா கிலோ இருபது ரூபாய்க்கும் போகிறது. கணக்குப் புத்தகத்தில் விழும் சராசரி விலை நாற்பது ரூபாய். கொய்யாக்காரன் "விலை விழுந்துவிட்டது, பறிகூலிக்கே கட்டவில்லை" என்று மனுக் கொடுத்தால், அதிகாரி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "விலை நாற்பது ரூபாய் இருக்கிறதே!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. புத்தகமும் பொய் சொல்லவில்லை. இரண்டு வெவ்வேறு பண்டங்களை ஒரே கூடையில் கொட்டியதுதான் பொய்.

கொய்யா காத்திருக்காத பழம். செங்காயாகப் பறித்தாலும் சில நாளில் கனிந்துவிடும். வரத்து அதிகமானால் சந்தையில் விலை சரிகிறது. அப்போது தோட்டக்காரன் முதலில் கைவைப்பது பறிகூலியில்தான். உலகத்தில் எந்த நாடு எவ்வளவு கொய்யா வாங்குகிறது, என்ன விலைக்கு வாங்குகிறது, கூழாக வாங்குகிறதா பழமாக வாங்குகிறதா என்று சொல்ல உலகக் கணக்கில் ஒரு தனி வரி இல்லை. கொய்யாக் கூழ் ஆலையோ குளிர்பதனக் கிடங்கோ கேட்டுப் போகிறவன் எந்தக் கணக்கைக் காட்டி வாதாடுவான்?

சின்ன வெங்காயம் பட்ட பாடு

கொய்யா நஷ்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். சின்ன வெங்காயம் பட்டதோ ஊரறிந்த நஷ்டம்.

உலகப் பட்டியலில் 0703.10 என்ற எண்ணைப் பாருங்கள். பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம். உணவு விவசாய ஸ்தாபனத்தின் விளைச்சல் கணக்கிலும் இரண்டும் ஒரே வரிதான். பெரிய வெங்காயத்தின் ராஜ்யம் மகாராஷ்டிரம். சின்ன வெங்காயம் நம்முடையது. திண்டுக்கல் சீமையிலும் தமிழ்நாட்டின் மற்ற வறண்ட பூமிகளிலும் கிணற்றுத் தண்ணீரை நம்பி விளைவது. நடவு, களையெடுப்பு, பிடுங்குவது, தாள் அறுப்பது, பட்டறை போடுவது என்று இதில் பெண்களின் கை படாத வேலையே இல்லை. இதைக் கடல் கடந்து வாங்குகிறவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள்தான். இலங்கையிலும், மலேயா சிங்கப்பூரிலும், வளைகுடா நாடுகளிலும் சாம்பார் கொதிக்கும் வீடுகள்.

2023 ஆகஸ்டில் பெரிய வெங்காயத்தின் விலை ஏறும் என்று மத்திய சர்க்கார் பயந்தது. வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. அது போதாதென்று 2023 டிசம்பர் 8 முதல் ஏற்றுமதிக்கே தடை விதித்தது. 2024 மே மாதத்தில் தடை நீங்கியது. ஆனால் அப்போது 40 சதவீத வரி அமுலில் இருந்தது. 2024 செப்டம்பரில் அதை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல்தான் அடியோடு வாபஸ் வாங்கினார்கள்.

நகரத்து ஏழைக்கு வெங்காயம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை, அவனும் உழைப்பாளிதான். ஆனால் டில்லியிலும் பம்பாயிலும் விலை ஏறியது பெரிய வெங்காயம். அதற்குப் போட்ட வலையில் சின்ன வெங்காயமும் சிக்கியது என்று தமிழ்நாட்டு விவசாயிகள் முறையிட்டார்கள். சின்ன வெங்காயத்துக்குத் தனி எண் கொடு, பெரிய வெங்காயத்துக்குப் போடும் வரியையும் தடையையும் எங்கள்மீது போடாதே என்று கோரிக்கை எழுப்பினார்கள். எண்ணைப் பற்றிய கோரிக்கையை வெங்காயக் காட்டுக்காரன் எழுப்பினான் என்பதைக் கவனியுங்கள். பட்டால்தான் தெரிகிறது, எண் என்பது ஏட்டு விஷயம் அல்ல என்று.

பஞ்சாலைத் தோழர்களுக்கு

இதையே பஞ்சில் வைத்துப் பார்த்தால் ஆலைத் தோழர்களுக்கு விளங்கும். உலகப் பட்டியலில் கார்டிங், கோம்பிங் செய்யாத பஞ்சு முழுவதற்கும் 5201 என்ற ஒரே தலைப்புத்தான். இழை நீளத்தைப் பார்த்துப் பிரிப்பது இந்தியாவின் எட்டு இலக்கப் பட்டியலில்தான். 2024 பிப்ரவரியில் மிக நீண்ட இழைப் பஞ்சுக்கு மட்டும் இறக்குமதி வரியை நீக்கினார்கள். அது குறி பார்த்து எறிந்த கல். 2025 ஆகஸ்ட் 19ஆம் தேதி முதல் டிசம்பர் 31 வரை எல்லாப் பஞ்சுக்கும் இருந்த 11 சதவீத வரியை நீக்கினார்கள். அது தோப்பு முழுவதும் வீசிய சூறை. ஆலைக்கு மலிவான பஞ்சு வேண்டும் என்று ஒரு பக்கமும், பஞ்சு விளைவித்தவனுக்கு விலை வேண்டும் என்று இன்னொரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் சல்லடையின் கண் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு ஜனங்கள் அதில் விழுவார்கள். பட்டியல் என்பது சல்லடை. அதன் கண்ணை யார் பின்னுகிறார்கள் என்று கேட்பது தொழிலாளியின் வேலை.

பஞ்சப்படி விஷயமும் இதுதான். ஆலைத் தொழிலாளிகளின் விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கும் ஒரு பண்டங்களின் பட்டியல் உண்டு. எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு எடை என்று அதில் எழுதியிருக்கும். 2001ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய பட்டியலில் உணவுக்கும் பானங்களுக்கும் நூற்றுக்கு 46.2 பங்கு. 2020ல் அதைத் திருத்தி, 2016ஐ அடிப்படையாக வைத்தபோது அது 39.17 ஆகக் குறைந்தது. உணவு விலை நூற்றுக்குப் பத்து ஏறினால், பழைய எடையில் குறியீட்டெண் நூற்றுக்கு 4.6 ஏறும், புதிய எடையில் 3.9தான் ஏறும். ஜனங்கள் வாடகைக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் அதிகம் செலவழிக்கிறார்கள், ஆகவே உணவின் பங்கு குறைந்தது என்பது அவர்கள் விளக்கம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் கூலியில் பாதியை அரிசிக்கும் காய்கறிக்கும் கொடுக்கும் குடும்பத்துக்கு அந்தச் சராசரி பொருந்துமா?

விவசாயத் தொழிலாளிகளின் குறியீட்டெண் கதை இன்னும் விசித்திரம். 1986–87ஐ அடிப்படையாக வைத்த பட்டியல் 2025 வரை மாறாமல் ஓடியது! அப்போது பிறந்த குழந்தை வளர்ந்து, கலியாணம் செய்து, பிள்ளை பெற்ற பிறகும், அது பிறந்த காலத்துப் பட்டியலைக் கொண்டே கிராமத்து விலைவாசியை அளந்தார்கள். 2025ல்தான் 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்தது. திருத்தாமல் விட்டாலும் கூலிக்காரனுக்குப் பாதகம். அவனைக் கேட்காமல் திருத்தினாலும் பாதகம்.

யாருக்கு எண் கிடைக்கிறது?

உலகப் பட்டியலில் எந்தப் பழங்களுக்குத் தனி எண் இருக்கிறது? ஆப்பிளுக்கு உண்டு. ஸ்ட்ராபெரிக்கு உண்டு. கிவி என்ற பழத்துக்கு 1996ல் வந்தது. பலாப்பழத்துக்கு இல்லை, அது "மற்றவை" என்ற மூட்டைக்குள் கிடக்கிறது. முருங்கைக்காய்க்கும் இல்லை, அதுவும் "மற்றவை"தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வந்து குவியும் முருங்கைக்கு உலகக் கணக்கில் பெயர் கிடையாது. கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல், ஒரே வரி. இந்தியா முன்மொழிந்து 2023ஐச் சிறுதானிய ஆண்டாக உலகமே கொண்டாடிற்று. விழா நடந்தது, வரி பிரியவில்லை.

இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் தனி மனிதர்களின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் அளவுகோலில் இருக்கிறது. ஆறு இலக்க எண்ணில் ஒரு சரக்கு தனியாக நிற்க வேண்டுமானால், உலக வியாபாரம் ஆண்டுக்கு ஐந்து கோடி அமெரிக்க டாலராவது இருக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டி. அதாவது, எவ்வளவு பேர் விளைவிக்கிறார்கள், எவ்வளவு பேர் உண்டு வாழ்கிறார்கள் என்பது கேள்வி அல்ல. எவ்வளவு கப்பலேறுகிறது என்பதே கேள்வி. சுங்கத்துக்காகச் செய்த பட்டியல் சுங்கத்தைத்தான் பார்க்கும். ஆனால் அந்தப் பிரிவினைகளை அடித்தளமாக வைத்து உணவையும் விளைச்சலையும் கணக்கிடும்போதுதான் அநியாயம் ஆரம்பமாகிறது. பணக்கார நாட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வரும் பழத்துக்குப் பெயர் உண்டு. ஏழை நாட்டுப் பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிப் பிள்ளைகள் தின்னும் பழத்துக்குப் பெயர் இல்லை.

ஆனால் இந்தப் பட்டியல் கல்லில் வெட்டிய சாசனம் அல்ல. ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு தரம் திருத்துகிறார்கள். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் டூரியான் பழத்துக்குத் தனி எண் கிடைத்தது. 2012ல் உணவு விவசாய ஸ்தாபனம் கேட்டதன் பேரில் மீன்களிலும் விவசாயப் பொருள்களிலும் பல புதிய பிரிவுகள் வந்தன. 2022ல் தின்னும் பூச்சிகளுக்குக்கூடத் தனி எண் கொடுத்துவிட்டார்கள்! அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வருகிறது. அதற்கடுத்த திருத்தத்துக்கான யோசனைகளை உறுப்பு நாடுகளின் சர்க்கார்கள் கொண்டுபோக முடியும். நம் சர்க்கார் வாய் திறந்தால்தான் நம் பழத்துக்கு வாய் திறக்கும்.

நம் நாட்டுப் பட்டியலில் இதைச் செய்ய வழி இருக்கிறது என்பதற்கும் சாட்சி உண்டு. இந்தியாவின் எட்டு இலக்கப் பட்டியலில் கொய்யாவுக்கு 0804 50 10 என்று தனி எண் இருக்கிறது. பீகாரில் குளங்களில் விளையும் மக்கானா என்ற தாமரை வித்துப் போன்ற பண்டத்துக்கு 2025ல் தனி எண்கள் கொடுத்தார்கள். குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கொய்யாவுக்குத் தனி வரி உண்டு. இத்தனையும் உள்நாட்டில் முடியுமென்றால், பிரஸ்ஸல்ஸில் போய்க் கேட்பதற்கு என்ன தடை?

எண் கூலி கொடுக்குமா?

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம், தோழர்களே. தனி எண் கிடைத்துவிட்டால் மறுநாளே கூலி உயரும் என்று நான் சொன்னால் அது ஏமாற்று. அவகேடோ என்கிற வெண்ணெய்ப் பழத்துக்கு உலகப் பட்டியலில் தனி எண் இருக்கிறது. அதற்காக மலையில் அதைப் பறிக்கும் தொழிலாளிக்கு யாரும் தானாகக் கூலியை உயர்த்திக் கொடுத்துவிடவில்லை. எண் கூலி கொடுக்காது. கூலி கேட்பவன் கையில் ஓர் ஆதாரத்தைக் கொடுக்கும். "இவ்வளவு விளைந்தது, இவ்வளவு போயிற்று, இந்த விலைக்கு விற்றது, எங்கள் பங்கு எங்கே?" என்று விரல் நீட்டிக் கேட்க, அந்த முதல் மூன்று விஷயமும் கணக்கில் இருக்க வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் கமிஷன்காரன் சொல்வதே விலை. தோட்டக்காரன் சொல்வதே கூலி.

இன்னொன்று. உலகக் கணக்கு ரோமாபுரியில் ஆரம்பிப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ஆரம்பிக்கிறது. அங்கே பொதுவாகத் "தோப்பு" என்று எழுதிவிட்டால் கொய்யா எத்தனை ஏக்கர், மா எத்தனை ஏக்கர் என்று யாருக்குத் தெரியும்? மரத்தடியில் போட்ட ஊடுபயிர் ஏட்டில் ஏறாவிட்டால் அது விளையாத பயிர்தான். தமிழ்நாட்டில் 2024ல் பயிர்க் கணக்கெடுப்பைக் கைபேசி வழியாக, வயல் வயலாகச் செய்யத் தொடங்கினார்கள். விவசாயக் கல்லூரி மாணவர்களையும் அதில் இறக்கினார்கள். கணக்கெடுக்க வருகிறவர்கள் வரப்பிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போக விடக்கூடாது. உள்ளே அழைத்துக் காட்டுங்கள். இது கொய்யா, இது மா, இது வெங்காயம், இதைச் சாகுபடி செய்வது இன்னார் என்று சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, கொய்யாவுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் உலகப் பட்டியலில் தனித் தனி ஆறு இலக்க எண் கேட்டு, அடுத்த திருத்தத்தில் இந்திய சர்க்கார் வாதாட வேண்டும். இரண்டாவது, அதுவரை ஏற்றுமதி வரியோ தடையோ போடும்போது பெரிய வெங்காயத்தோடு சின்ன வெங்காயத்தைக் கட்டிப்போடக் கூடாது. மூன்றாவது, அடங்கலிலும் பயிர்க் கணக்கெடுப்பிலும் பயிரின் பெயரையும் உழுபவனின் பெயரையும் உள்ளபடி எழுத வேண்டும். நான்காவது, விலைவாசிப் பட்டியலைத் திருத்தும்போது எந்தப் பண்டம் சேர்ந்தது, எது போயிற்று, எடை ஏன் மாறியது என்பதைத் தொழிலாளிக்குப் புரியும் பாஷையில் முன்கூட்டியே அறிவித்து, தொழிற்சங்கங்களின் கருத்தைக் கேட்க வேண்டும்.

கணக்கு என்றால் படித்தவன் சமாசாரம் என்று ஒதுங்கி நின்ற காலம் போதும். பறித்த பெட்டியை எண்ணத் தெரிந்த உங்களுக்கு, அந்தப் பெட்டி உலகக் கணக்கில் எந்தப் பெயரில் ஏறுகிறது என்று கேட்கவும் தெரியும். கொய்யாவைக் கொய்யா என்றும், வெங்காயத்தை அதன் சொந்தப் பெயராலும், உழைத்தவனை உழைத்தவன் என்றும் எழுத வைப்போம். எழுதிய பிறகு, அந்த ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நம் பங்கைக் கேட்போம்.